மணிபல்லவத்தில் ஏழு நாள்

மணிமேகலைக் காப்பியத்தின் 30 காதைகளுள் எட்டாவது தொடங்கிப் பதினொன்றாவது முடியவுள்ள நான்கும் மணிபல்லவத் தீவினைக் களமாகக் கொண்டவை. உ. வே. சாமிநாதையர் 1898-ஆம் ஆண்டில் இந்நூலைக் குறிப்புரையோடு வெளியிட்ட பின்னர் இப்பகுதி பலராலும் ஆராயப்பட்டது. ஆயினும் அவ்வாராய்ச்சி பெரிதும் இரண்டு வழிகளிலேயே சென்றுளது எனலாம். தீவு யாண்டுளது என்பது ஒன்று. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே அஃது என்பாரும், வேறிடம் காட்டுவாரும் உளர். பீடிகையின் பொருட்டு நாகவரசர் இருவர் பகைத்து நின்ற செய்தி மகாவம்சத்தும் காணப்படுதலின் அவ்வழக்கு எளிதில் ஓய்வதன்று. பிறப்புணர்தல், மந்திரம் பெறுதல், பாத்திரம் எய்துதல் ஆகியவற்றைப் பௌத்த சமயக் கொள்கைக்குச் சான்றாகக் கொண்டு ஆய்வது மற்றொன்று. இவ்விரு நெறியும் பயனுடையனவே. எனினும், காப்பியத் தலைவியின் உள்ளத்திற்கு இத்தீவில் நிகழ்ந்தது யாது என்னும் வினா இவற்றின் இடையே நழுவிவிட்டது. அவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

தீவினை அடையுமுன் மணிமேகலையின் நிலை எத்தகையது? மூன்றாம் காதையில் மாலை தொடுத்துக்கொண்டிருக்கும் அவள், கோவலனும் கண்ணகியும் உற்றதனைத் தாய் கூறக் கேட்கின்றாள். கண்ணீர் வீழ்ந்து மாலையின் தூய்மை கெடுகின்றது. புதுமலர் கொணர்க எனத் தாய் அவளை அனுப்புகின்றாள். கதை நடத்தற்கு மிகச் சிறிய காரணம் இது. ஆயினும் இதன் பொருத்தம் எண்ணத் தக்கது. துயரத்தால் கெட்ட மாலைக்கு மாற்றாகப் பூக்கொய்யச் சென்றவள் உவவனத்தில் உதயகுமரனை எதிர்ப்படுகின்றாள். தந்தையை எண்ணி அழுத கண் உலருமுன்னரே காதல் வந்து நிற்கின்றது. இதற்கிடையே ஊரின் அலரும், கணிகையர் மரபினின்று பெயர்த்தியை விடமாட்டாத சித்திராபதியின் சினமும் புறத்தே காத்திருக்கின்றன.

அப்பொழுது அவள் புகுந்த இடம் பளிக்கறை. அவ்வறையின் இயல்பைச் சாத்தனார் முன்னரே குறித்துவைத்துள்ளார். உள்ளிருப்பாரின் குரல் புறத்தே செல்லாது. உருவம் மட்டும் தெரியும். மறைந்துகொள்ளப் புகுந்தவளுக்கு இதனினும் பொருந்தாத இடம் உண்டோ? தான் சொல்ல வேண்டியது ஒருவர்க்கும் கேளாது. காட்ட விரும்பாத உருவமோ வெளியே நிற்பான் கண்ணுக்கு ஓவியம்போல் புலனாகும். கணிகை குலத்துப் பிறந்த ஒரு பெண்ணை அந்நகரம் நோக்கிய நோக்கே இவ்வறையாக அமைந்தது என்று கூறினும் மிகையாகாது. அவளது முதல் ஒதுக்கம் இவ்வாறு பயனின்றிப் போயிற்று.

உதயகுமரன் நீங்கியபின் அவள் சுதமதியிடம் உரைப்பது காப்பியத்தின் அரிய இடங்களுள் ஒன்று. கற்பும் தவவுணர்வும் குலக்காவலும் அற்றவள், விலைக்கு உரியவள் என்று தன்னை இகழ்ந்த ஒருவனை வெறுத்தொதுக்காமல் நெஞ்சம் அவன்பின் சென்றதனை அவளே கூறி வியக்கின்றாள். காமத்தின் இயற்கை இதுவோ என்று வினவி, இதுவாயின் அதன் திறம் கெடுக என்றும் கடிந்துரைக்கின்றாள். இங்கு இருவேறு குரல்கள் ஒருத்தியின் வாயினின்றே எழுகின்றன. துறவுக்கென வளர்க்கப்பட்ட பெண் தன் நெஞ்சினைத் தானே அறியாது நிற்கும் நிலை இது. அந்நெஞ்சினை அடக்குக என்றோ, பின்தொடர்க என்றோ கூறுவார் பலர் அந்நகரில் இருந்தனர். அஃது யாது என அறிதற்குரிய இடம் மட்டும் அங்கு இல்லை. மணிமேகலா தெய்வம் அவளைத் துயிலிடை எடுத்து 30 யோசனை தெற்கே கொண்டு வைப்பது இந்த நிலையில்தான்.

துயிலிடை என்பதனைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். மணிமேகலை தானே விரும்பி ஒதுங்கினாள் அல்லள். அவளைக் கேளாமலே தெய்வம் எடுத்துச் சென்றது. ஆதலின் இதனை உள்ளத்தின் ஒதுக்கம் எனல் எங்ஙனம் என்று தடை எழுப்புவார் உளராகலாம். நாம் கருதுவது வேறு. நெடிது துயருற்ற உள்ளம் ஓய்வினைத் தேர்ந்துகொள்வது அரிது. உறக்கம் வருதல்போல ஓய்வும் தானே வந்து கவிகின்றது. தேர்ந்துகொள்ளும் வலிமை இருக்குமாயின் ஓய்வு வேண்டப்படுவதே இன்றாம். சாத்தனார் தெய்வத்தின்மேல் ஏற்றிக் கூறிய செயலுள் இவ்வுண்மை பொதிந்துள்ளது. பின்னர் இருபத்தைந்தாம் காதையில் அவள் இதே தீவிற்கு விழித்த நிலையில், தன் விருப்பால், தான் பெற்ற மந்திரத்தின் வலியால் செல்கின்றாள். முதற்செலவுக்கும் இரண்டாஞ்செலவுக்கும் உள்ள வேறுபாடு அவளது வளர்ச்சியின் அளவுகோலாகும்.

எட்டாம் காதையில் அவள் கண்விழிக்கும் இடம் கடற்கரை. முத்தும் பவளமும் புன்னையும் தாழையும் சூழ்ந்த அக்காட்சி முற்றும் நெய்தலுக்குரியது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதனை அகமரபு அறிந்தார்க்கு நாம் கூற வேண்டுவதில்லை. தலைவனைப் பிரிந்த தலைவி கடலை நோக்கி இரங்கும் அம்மரபினைச் சாத்தனார் ஈண்டு எடுத்து ஆளுகின்றார். ஆயின் தலைவனை மட்டும் நீக்கிவிடுகின்றார். இவள் அழைப்பது முதலில் சுதமதியை. பின்னர், மாண்டுபோன தந்தையை. முதல்நாள் தன் நெஞ்சம் யார்பின் சென்றதோ, அவன் பெயர் அவ்வழுகையில் இல்லை. காதல் வந்து இடைமறித்தமையால் அழப்படாமல் நின்ற தந்தையின் பொருட்டான அழுகை, கேட்பார் ஒருவரும் இல்லாத மணற்கரையில் முற்றும் வெளிப்படுகின்றது. பளிக்கறையில் குரல் புறம்போகாது நின்றது. ஈண்டுத் தடையின்றி ஒலிக்கின்றது. காதைக்குத் 'துயருற்ற காதை' என்று பெயர் அமைந்தமையும் நோக்குக. தெய்வம் செய்த உதவி முதற்கண் துயராகவே உணரப்படுகின்றது. ஓய்வு என்பது தொடக்கத்தில் இனிதாய் இராது என்னும் இந்நுட்பம், தனிமையைப் புனைந்துரைக்கும் பிற்காலப் புலவர் பலர்பால் காணப்படாதது.

அழுகை முடிந்த பின்னரே பீடிகை கண்ணிற்படுகின்றது. கை தானே தலைமேற் குவிய, கண்ணீர் சொரிய, அவள் மும்முறை வலங்கொண்டு வணங்கி எழுகின்றாள். எழும்பொழுது முற்பிறப்பினை உணர்ந்தவளாய் எழுகின்றாள். இராகுலன் என்பானுக்கு மனைவியாய் இலக்குமி என்னும் பெயரோடு வாழ்ந்ததும், அவன் பாம்பின் நஞ்சால் மாண்டதும், தான் தீப்புகுந்ததும் தெளிவாகின்றன. ஆயினும் அவ்விராகுலன் இப்பொழுது யாண்டுப் பிறந்துளன் என்பது தெரியவில்லை. அவ்விடையினைப் பத்தாம் காதையில் மணிமேகலா தெய்வம் தருகின்றது: அவன்தான் உதயகுமரன்.

வினைக்கொள்கையை விளக்க வந்த வெறும் கதைப்பின்னல் என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. மறுபிறப்பினை ஏற்பார்க்கும் ஏலாதார்க்கும் இவ்விடம் ஒருங்கே கூறுவது ஒன்று உண்டு. நெஞ்சம் அவன்பின் சென்றது ஏன் என்று உவவனத்தில் வியந்தாளே, அவ்வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. அவ்வுணர்ச்சியைத் தெய்வம் பழிக்கவில்லை. கெடுக என்று அவளைப்போல் சபிக்கவும் இல்லை. அதன் வேர் இன்னதெனக் காட்டியதோடு அமைந்தது. தெரியாத ஒன்றாய் அச்சுறுத்திய காதல் தெரிந்த ஒன்றாய் ஆயிற்று. இம்மாற்றமே மணிபல்லவத்தின் பேறு என்று நாம் கொள்கின்றோம். மந்திரங்கள் அதற்கு அடுத்தனவே.

இக்காதையில் பலர் கடந்துசெல்லும் சிறு செய்தி ஒன்றுளது. முற்பிறப்பில் ஒரு நாள் பூம்பொழிலில் இலக்குமி கணவனொடு புலந்திருக்கின்றாள். அவன் அவளடி வணங்கும் நேரத்தே சாதுசக்கரன் என்னும் முனிவன் வானினின்று இறங்குகின்றான். ஊடல் அவ்வளவில் நிற்க, இருவரும் அவனுக்கு உணவளிக்கும் அறத்தில் ஈடுபடுகின்றனர். அவ்வறமே இப்பிறப்பின் பேற்றுக்கு வித்து என்கின்றது தெய்வம். ஊடலும் ஓர் ஒதுக்கமே. அன்புடையாரிடத்தினின்று உள்ளம் சிறிது பின்வாங்கித் தன் நிலையைத் தான் எடைபோடும் காலம் அது. அளவு மிகின் கெடும் என்று அகநூலார் அதற்கு உப்பினை உவமை கூறுவர். அன்று முனிவன் வரவால் இடையறுந்த அச்சிற்றொதுக்கம், ஒரு பிறவி கழித்து ஏழுநாட் பேரொதுக்கமாய் நிறைவெய்தியது என்று கூறின், நூலாசிரியர் கருதாததனை நாம் ஏற்றிக் கூறுவதாகுமோ? ஆகலாம். ஆயினும் அம்முனிவன் வேறு எந்நேரத்தும் வந்திருக்கலாமே. புலந்திருந்த நேரத்தினைச் சாத்தனார் தேர்ந்தமைக்குக் காரணம் வேண்டும் அன்றோ?

வேற்றுருக் கொள்ளுதற்கும் வான்வழிச் செல்லுதற்கும் உரிய மந்திரங்களைத் தந்து தெய்வம் விண்ணில் எழுகின்றது. எழுந்தது, மறந்தது ஒன்று உண்டெனக் கூறி மீண்டும் இறங்கி வருகின்றது. மறந்தது பசியினை! மக்கள் உடம்பு உணவால் ஆயது என்பதனை நினைந்து, பசி தீர்க்கும் மந்திரத்தை மூன்றாவதாக அருளுகின்றது. இவ்விடத்தில் புலவர் முறுவலிக்கின்றார் என்றே நமக்குத் தோன்றுகின்றது. பசியறியாத தெய்வம் பசியினை மறத்தல் இயல்பே. காப்பியத்தின் உயிர்நிலையாகிய பொருள், மறந்து நினைத்த ஒன்றாய் நுழைகின்றது. தன்னை அறிதற்கென ஒதுங்கியவளின் ஓய்வினுள், பிறர்நோய்க்கு வழி இவ்வாறு திறக்கப்படுகின்றது.

தெய்வம் நீங்கியபின் மணற்குன்றும் பொழிலும் பொய்கையும் கண்டு அவள் மெல்ல உலவுகின்றாள். தீவில் அவள் அச்சமின்றி நடக்கும் முதல் நடை இதுவே. அங்குத் தீவதிலகை தோன்றுகின்றாள். கலம் கவிழ்ந்து கரைசேர்ந்த மகளிர்போல ஈங்கு வந்த நீ யார் என வினவுகின்றாள். மணிமேகலை உடனே பெயர் கூறவில்லை. எந்தப் பிறப்பினைக் கருதி யார் எனக் கேட்டனை என்று எதிர்வினா விடுத்து, முற்பிறப்பில் இராகுலன் மனைவி இலக்குமி, இப்பிறப்பில் மாதவி ஈன்ற மணிமேகலை என இரண்டினையும் அடுத்தடுத்து வைக்கின்றாள். புகார் நகரில் அவளை யார் என்று ஒருவரும் கேட்டிலர். இன்னாள் என்று பிறரே கூறிவந்தனர். கணிகையின் மகள் என்றான் அரசிளங்குமரன். கோவலன் மகள், கண்ணகிக்கும் மகள், தவத்திற்குரியவள் என்றாள் மாதவி. வினவப்பட்டபோது தானே விடை கூறுதல் இதுவே முதன்முறை. அவ்விடையில் கணிகை மாதவியின் பெயரை அவள் மறைக்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. உதயகுமரன் எதனைக் கூறி இழித்தானோ, அதனையே அவள் தன் பெயரோடு சேர்த்து அமைதியாக உரைக்கின்றாள்.

பின்னர்க் கோமுகிப் பொய்கையினின்று அமுதசுரபி அவள் கையை அடைகின்றது. அதன் சிறப்பினை எல்லாரும் அறிவராதலின் விரிக்கவில்லை. அப்பாத்திரம் அப்பொய்கையை அடைந்த வரலாறுதான் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பதினான்காம் காதையில் அறவணவடிகள் அதனை உரைக்கின்றார். பாண்டிநாட்டில் மழை பெய்து வளம் பெருகியபின் ஆபுத்திரன் பாத்திரத்திற்கு வருவார் இலராயினர். சாவகத்தில் பசியுண்டெனக் கேட்டுக் கலம் ஏறியவன் மணிபல்லவத்தில் இறங்க, அவன் ஏறினானெனக் கருதிக் கலம் இரவில் போய்விட்டது. அத்தீவில் அவன் தனியன். கையில் வற்றாத பாத்திரம், உண்பார் இல்லை. பல்லுயிர் ஓம்பும் பாத்திரத்தால் தன் ஒருயிரை ஓம்பப் பொறாதவனாய், அதனைக் கோமுகியில் விட்டு, உண்ணாநோன்பினால் உயிர்நீத்தான்.

ஒரே தீவு, அதே மணல், இருவர் தனிமை. ஒருத்திக்கு அது பிறப்பாயிற்று, ஒருவனுக்கு இறப்பாயிற்று. மணிபல்லவம் தன்னளவில் நலந்தரும் இடமன்று என்பதனைச் சாத்தனார் இவ்விணைப்பினால் காட்டுகின்றார். மணிமேகலைக்குத் திரும்பும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஏழாம் நாள் வருவாள் என்று தெய்வம் சுதமதியை எழுப்பி முன்னரே கூறிவிட்டது. அவளை எதிர்நோக்கித் தாயும் தோழியும் நாள் எண்ணியிருந்தனர். ஆபுத்திரனுக்கோ கலமும் இல்லை, காத்திருப்பாரும் இல்லை. எல்லையுடைய ஒதுக்கம் ஓய்வாகின்றது, எல்லையற்றது சிறையாகின்றது. இவ்வேறுபாட்டினை விட்டுவிட்டு, தனிமை நன்று என்றோ தீது என்றோ கூறுவார் கூற்று இக்காப்பியத்திற்குப் பொருந்தாது. ஏழு நாள்களுள் எந்நாளில் எது நிகழ்ந்தது எனப் புலவர் பகுத்துரைத்திலர். கூறாது விடப்பட்ட நேரம் மிகுதி. அதனை நிரப்ப முயலாமையே அவர்தம் கலைத்திறன்.

மீண்டு வந்தவள் மாதவியையும் சுதமதியையும் கண்டு, முற்பிறப்பில் நீவிர் எனக்குத் தமக்கையராய் இருந்தீர் என்று கூறி அவர் அடிகளை வணங்குகின்றாள். மாதவியின் ஒதுக்கத்தினை இங்கு ஒப்புநோக்கலாம். கோவலன் இறந்த செய்தி கேட்டு ஆடலும் கோலமும் துறந்து அறவணர் அடியடைந்த அவள் துறவு பெருமையுடையதே. ஆனால் அது சென்றதனை மூடிய கதவு. மகளுடையது திறந்து மூடித் திறந்த கதவு.

இதுகாறும் கூறியது மணிபல்லவத்தின் ஒளிப்பக்கம். நிழற்பக்கம் ஒன்றும் உண்டு. திரும்பி வந்தவள், உலகவறவியில் தன்னைத் தேடிவந்த உதயகுமரனை முற்பிறப்பில் கணவனாய் இருந்தமை கருதி வணங்குகின்றாள். யாக்கையின் நிலையாமையை எடுத்துரைக்கின்றாள். நெஞ்சறிந்தவளின் நடத்தை இது. ஆயின் அடுத்து அவள் செய்வது யாது? தீவில் பெற்ற மந்திரத்தால் காயசண்டிகையின் உருவினை மேற்கொள்ளுகின்றாள். உண்மை உணர்ந்த உதயகுமரன் அவளையே தொடர்கின்றான். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவியை அயலான் நாடினான் என மயங்கி, இரவில் அவனை வாளால் வீழ்த்துகின்றான். இராகுலனாய் இருந்தபோது, முனிவனுக்கு உணவு சமைக்கையில் கால் தளர்ந்து வீழ்ந்து கலத்தைச் சிதைத்த மடையனை வெட்டிய வினை இது எனக் கந்திற்பாவை விளக்குகின்றது. அவ்விளக்கம் உதயகுமரன் மாண்டதற்குப் போதும். மணிமேகலை மாற்றுருக் கொண்டதற்குப் போதுமோ? போதாது என்பதே நம் துணிவு.

ஒதுங்குதல் வேறு, ஒளிதல் வேறு. மணிபல்லவத்தில் அவள் பிறர் கண்ணினின்று நீங்கித் தன்னைக் கண்டாள். காயசண்டிகையின் உருவிலோ கண்ட தன்னை மீண்டும் மூடினாள். யார் நீ என்ற வினாவிற்குத் தீவில் அத்துணைத் தெளிவாக விடை கூறியவள், புகாரில் வேறொருத்தியாய் நின்றாள். பசித்தார்க்கு உணவிடற்கும் சிறையோர்க்கு அறம் செய்தற்கும் அவ்வுருவம் உதவியது மெய்யே. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆயதும் அவ்வுருவில் அவள் அரசனை வேண்டியதனாலேயே. ஆயினும் கொலை அவ்வுருவின் வழியாகவே நுழைந்தது. அவளைப் பழிப்பது நம் கருத்தன்று. தன்னை விடாது துரத்தும் அரசகுமரனிடத்தினின்று ஒரு பெண் தப்பும் வழி வேறு யாது என்பார்க்கு நம்மிடம் விடையில்லை. சாத்தனாரிடத்தும் இருந்ததாகத் தெரியவில்லை. விடையின்மையை மறைக்காமல் கதையை நடத்திய நேர்மைக்காகவே அவரைப் போற்றுகின்றோம்.

உதயகுமரன் வீழ்ந்ததனை அறிந்த மணிமேகலை அவ்வுருவினை நீக்கி அழுகின்றாள். அவன் உடலை நோக்கிச் செல்ல முயல்கின்றாள். செல்லற்க எனக் கந்திற்பாவை தடுக்கின்றது. தீவில் உணர்ச்சி அற்றுப்போனது என்று கருதுவார்க்கு இவ்விடமே மறுப்பு. அற்றுப்போன நெஞ்சு அழாது. உவவனத்தில் தன்னை மீறிச் சென்ற நெஞ்சினைக் கண்டு அஞ்சியவள், இங்கு அது செல்லும் இடம் அறிந்தே செல்லத் தலைப்படுகின்றாள். ஏழு நாள் ஓய்வு அவள் அன்பினை வற்றச் செய்யவில்லை. அதனை அவளுக்கு உரியதாக்கியது. துறவு பூணுதல் காப்பியத்தின் இறுதிக் காதைகளிலேயே நிகழ்கின்றது; மணிபல்லவத்தில் நிகழ்ந்ததனைத் துறவு எனல் பிழை.

இருபத்தைந்தாம் காதையில் அவள் மீண்டும் அத்தீவினை அடைகின்றாள் என்றோம். இம்முறை அவள் தனியள் அல்லள். ஆபுத்திரனாய் இறந்து சாவகத்தில் அரசனாய்ப் பிறந்த புண்ணியராசன் கலமேறி வருகின்றான். அவனை எதிர்கொண்டு தீவினைக் காட்டுபவள் அவளே. பீடிகை கண்டு அவனும் தன் பிறப்பினை உணர்கின்றான். தீவதிலகை வந்து காட்ட, பொய்கைக் கரையில் மணலை அகழ்ந்து, முன்பு தானாயிருந்தவனின் எலும்பினைக் காண்கின்றான். மயங்கி நிற்கும் அவனைத் தேற்றி, அவனை அங்கு அழைத்த காரணத்தைக் கூறி, நாடாளும் கடமைக்கு மீளச் செய்பவளும் மணிமேகலையே. ஆனால் அதே நேரத்தில் தீவதிலகை மற்றொரு செய்தியும் கூறியிருக்கின்றாள்: மகனை இழந்த துயரில் மன்னன் இந்திரவிழாவை மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டுவிட்டது, மாதவியும் சுதமதியும் அறவணரும் வஞ்சிக்குச் சென்றுவிட்டனர். முதன்முறை அவள் திரும்பிச் செல்லுதற்கு ஒரு நகரம் இருந்தது. நாள் எண்ணியிருந்த தாயும் இருந்தாள். இம்முறை அவ்விடம் கடலுள் கிடக்கின்றது. அவள் அழுததாகக் காப்பியம் கூறவில்லை. அரசனைச் சாவகத்திற்கு அனுப்பிவிட்டு, வான்வழி எழுந்து வஞ்சியை நோக்கிச் செல்கின்றாள்.